சூடானதும் சப்போர்ட்டை விட்டு பைப் எழும்பினால் தகைவை எப்படிச் சரிபார்ப்பது?

தம்பி, மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஜூரோங் ஈஸ்ட்டில் ஒரு டிசைன் ஆபீசில் பைப் ஸ்ட்ரெஸ், அதாவது குழாயில் வரும் தகைவு, பார்க்கிறீர்கள். கையில் இருப்பது 8 அங்குல ஹாட் ஆயில் லைன், ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் 8.18 மி.மீ.), ஏ106 கிரேடு பி கார்பன் ஸ்டீல், 300 டிகிரி, 20 பார். பம்ப் டிஸ்சார்ஜ் நாசிலிலிருந்து (பம்ப் எண்ணெயை வெளியே தள்ளும் வாய்) நேராக 4 மீட்டர் மேலே ஏறி (இதுதான் ரைசர்), எல்போ திரும்பி, பைப் ரேக்கில் படுக்கையாக ஓடுகிறது. எல்போவிலிருந்து ஒன்றரை மீட்டரில் முதல் சப்போர்ட், அங்கிருந்து 6 மீட்டருக்கு ஒன்று. லைன் சூடாக ஓடும் நிலைக்கான கணக்கில், அதாவது ஆப்பரேட்டிங் கேஸில், முதல் சப்போர்ட்டில் லோடு பூஜ்யம், பைப் 9 மி.மீ. மேலே நிற்கிறது. ரேக்கில் எக்ஸ்பேன்ஷன் லூப் (விரிவை வாங்கிக்கொள்ளும் வளைவு) பக்கம் இன்னொன்று 0.3 மி.மீ. எழும்பியிருக்கிறது. ஆனால் எடையும் அழுத்தமும் மட்டும் சேர்ந்த சஸ்டெய்ன்ட் கேஸ் அனுமதியில் பாதிகூட வரவில்லை. உங்கள் லீட் “ஒரு ஹோல்ட் டவுன் போட்டு முடி” என்கிறார், அதாவது பைப் எழும்பாமல் பிடித்து அமுக்கும் சப்போர்ட். கேள்வி இரண்டு: சஸ்டெய்ன்ட் பாஸ் ஆன பிறகும் இதைத் தனியாகப் பார்க்க வேண்டுமா? ஹோல்ட் டவுன் சரிதானா?

பார்க்க வேண்டும். ஹோல்ட் டவுன் சரியில்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன், அது கொஞ்சம் நீளும்.

நீங்கள் பார்த்த சஸ்டெய்ன்ட் கேஸ் எந்த நிலையைக் காட்டுகிறது? பைப் குளிர்ந்து, எல்லாச் சப்போர்ட்டிலும் உட்கார்ந்திருக்கும் நிலையை. அதில் வெப்ப விரிவு இல்லை, அதனால் எந்தச் சப்போர்ட்டும் எழும்ப வழியில்லை. முதல் சப்போர்ட் தன் பங்கு எடையைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஆலை ஓடத் தொடங்கியதும் 4 மீட்டர் ரைசர் நீள்கிறது. கார்பன் ஸ்டீல் 300 டிகிரிக்குப் போனால் மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை மி.மீ. நீளும், ஆக 14 மி.மீ. எல்போ மேலே போகிறது, பக்கத்தில் இருக்கும் முதல் சப்போர்ட்டிலிருந்து பைப்பும் கூடவே எழும்புகிறது. அந்த நிமிஷத்திலிருந்து அடுத்த டர்ன்அரவுண்ட் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்துவது) வரை, வருஷக்கணக்கில், அந்தச் சப்போர்ட் ரேக்கில் சும்மா நிற்கும் இரும்புதான். பைப்பின் எடை மட்டும் குறையவில்லை. அது வேறு எங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது. எங்கே என்று தேடிப் பிடிப்பதுதான் இந்தச் சரிபார்ப்பு முழுவதும்.

இதில் வெப்பத் தகைவையும் எடைத் தகைவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெப்ப விரிவால் வரும் தகைவு தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். பைப் கொஞ்சம் யீல்ட் ஆனால் (நிரந்தரமாக நெளிந்தால்) இறங்கிவிடும், அதனால்தான் டிசைன் கோடு (விதித்தொகுப்பு) அதற்கு அத்தனை தாராளமாக இடம் கொடுக்கிறது. எடை அப்படி அடங்காது. பைப் யீல்ட் ஆனாலும் எடை அப்படியே நின்று அழுத்திக்கொண்டிருக்கும். ஆகவே எடையும் அழுத்தமும் தரும் நீள்வாட்டுத் தகைவு, அந்த வெப்பநிலைக்கான அனுமதித் தகைவைத் தாண்டக் கூடாது என்பது விதி. சூட்டில் உள்ள அனுமதியோடு ஒப்பிடும்போது, சூட்டில் உள்ள சப்போர்ட் நிலையையும் எடுத்துக்கொள்வதுதானே நியாயம்? ஆலைக் குழாய்களுக்கான விதித்தொகுப்பான ஏ.எஸ்.எம்.இ. பி31.3-இன் பின்னிணைப்பு எஸ் பக்கம் பலர் போவதே இல்லை. அதன் இரண்டாவது உதாரணமே இப்படி எழும்பும் சப்போர்ட்டைப் பற்றியதுதான். எழும்பிய சப்போர்ட்டை நீக்கிவிட்டு எடையையும் அழுத்தத்தையும் போட்டுப் பார் என்பதே அது காட்டும் வழி. உங்கள் லீட் விதி கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

இனி உங்கள் லைனுக்கே கை கணக்கு போடலாம். சாப்ட்வேர் சொல்வது சரியா என்று தெரிய இது இல்லாமல் முடியாது.

8 அங்குல ஷெட்யூல் 40 பைப் மீட்டருக்கு 42.5 கிலோ. உள்ளே சூடான எண்ணெய் சுமார் 22 கிலோ. இன்சுலேஷனும் மேல் தகடும் 10, 11 கிலோ. மொத்தம் 75 கிலோ என்று வையுங்கள், மீட்டருக்கு 0.74 கிலோநியூட்டன். பைப் வளைவை எதிர்க்கும் அளவான செக்ஷன் மாடுலஸ் 275 கன செ.மீ. 6 மீட்டர் ஸ்பானில் (இரண்டு சப்போர்ட்டுக்கு நடுவில்) எடையால் வரும் பெண்டிங் மொமென்ட் (வளைக்கும் திருப்புவிசை), தொடர் பீமுக்கான பத்தில் ஒன்று சூத்திரப்படி, 2.65 கிலோநியூட்டன் மீட்டர். தகைவு 10 மெகாபாஸ்கலுக்குக் கொஞ்சம் கீழே. 20 பார் அழுத்தம் தருவது 13. மொத்தம் 23. ஏ106 பி-க்கு 300 டிகிரியில் அனுமதி ஏறக்குறைய 120. நீங்கள் நிம்மதியாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது முதல் சப்போர்ட்டை எடுத்துவிடுங்கள். எல்போவிலிருந்து அடுத்த சப்போர்ட் வரை ஏழரை மீட்டர் ஸ்பான். மொமென்ட் 4.1, தகைவு 15, அழுத்தத்தோடு 28. சஸ்டெய்ன்ட் தகைவு தனியாகப் பார்ப்பதற்கு முன்பும் பாஸ், பார்த்த பின்பும் பாஸ். “இதற்குத்தானா இவ்வளவு?” என்று கேட்பீர்கள்.

நாசிலைப் பாருங்கள். ரைசரின் 4 மீட்டர் எடை மட்டுமே 2.9 கிலோநியூட்டன். முதல் சப்போர்ட் வேலை செய்தால் படுக்கைப் பகுதியிலிருந்து நாசிலுக்கு வருவது ஒரு மீட்டருக்கும் குறைவான பைப்பின் எடை. அது எழும்பிவிட்டால் ஏழரை மீட்டரில் பாதி, அதாவது இன்னொரு 2.8 கிலோநியூட்டன், ரைசர் வழியாக இறங்கி நாசில் தலையில் உட்காருகிறது. மொத்தம் ஐந்தே முக்கால். செக் வால்வ், கேட் வால்வ் எடையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. பம்ப் டிஸ்சார்ஜ் மேல்நோக்கிய 6 அங்குல நாசில் என்று எழுதியிருந்தீர்கள். பம்புகளுக்கான ஏ.பி.ஐ. 610 தர அட்டவணையில் அதற்கு அனுமதித்த செங்குத்து விசை 3,110 நியூட்டன். ஏறக்குறைய இரண்டு மடங்கு தாண்டிவிட்டது. பைப்பைப் பொறுத்தவரை எல்லாம் சுகம். பேரிங்கும் சீலும் காப்ளிங்கும்தான் கஷ்டப்படும். எண்ணெய் கசியும் இடமும் அதுதான்.

என் அனுபவத்தில் இப்படி எழும்பும் சப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்: தகைவு பாஸ், இணைந்திருக்கும் கருவி ஃபெயில். தகைவு ரிப்போர்ட்டில் பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டு நாசில் லோடைக் குளிர்ந்த நிலையோடு மட்டும் ஒப்பிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

தகைவே ஃபெயில் ஆகும் இடமும் உண்டு, அது எப்படி வருகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். இதே பைப், ஆனால் ரேக் நடுவில் ஒரு சப்போர்ட் எழும்பி 6 மீட்டர் ஸ்பான் 12 மீட்டராகிறது என்று வையுங்கள். ஸ்பான் இரட்டித்தால் மொமென்ட் நான்கு மடங்கு: 10.6 கிலோநியூட்டன் மீட்டர். இதோடு 3 மி.மீ. அரிப்பு அனுமதி (நாளாக அரித்துப் போவதற்கு ஒதுக்கிய தடிமன்) இருக்கிறது. பி31.3-இல் சஸ்டெய்ன்ட் தகைவுக்கு செக்ஷன் மாடுலஸ் எடுக்கும்போது அரிப்பு அனுமதியைக் கழித்த தடிமனில் எடுக்க வேண்டும். எடையை மட்டும் முழுத் தடிமனில் எடுக்க வேண்டும். 8.18 மி.மீ. சுவர் 5.18 ஆகிறது, செக்ஷன் மாடுலஸ் 275-இலிருந்து 182-க்கு இறங்குகிறது. எடைத் தகைவு 58, அழுத்தம் 21, மொத்தம் 79 மெகாபாஸ்கல். இதே அரித்த தடிமனில் குளிர்ந்த நிலைக்கு, அதாவது 6 மீட்டர் ஸ்பானுக்குப் பார்த்தால் 36-தான் வரும். லைன் 300-க்குப் பதில் 400 டிகிரியில் ஓடினால் அனுமதி 90-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். நேர் பைப்பில் மயிரிழையில் தப்பிக்கிறது. அந்த இடத்தில் எல்போவோ கிளையோ இருந்தால்? நீள ஆர எல்போவுக்கு ஸ்ட்ரெஸ் இன்டென்சிஃபிகேஷன் (தகைவு கூடும் மடங்கு) 2.4 வரும், சஸ்டெய்ன்ட்டுக்கு அதில் முக்கால் பங்கு எடுத்தால் 1.8. எடைத் தகைவு சுமார் 105, மொத்தம் 126. ஃபெயில். சப்போர்ட் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்ட கணக்கில் இதன் சுவடுகூடத் தெரியாது.

இன்னொரு வழியிலும் இது கடிக்கும். வெப்ப விரிவுத் தகைவுக்குத் தாராள அனுமதியை எடுத்துக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டியது: அந்த அனுமதி, குளிர் அனுமதியும் சூட்டு அனுமதியும் சேர்ந்ததன் 1.25 மடங்கிலிருந்து சஸ்டெய்ன்ட் தகைவைக் கழித்து வருகிறது. அந்த 400 டிகிரி கணக்கில் சஸ்டெய்ன்ட் 36 என்று கழித்தால் 248 கிடைக்கும். உண்மையில் 79 என்றால் 204-தான். சஸ்டெய்ன்ட் கேஸ் பாஸ் ஆனாலும், எக்ஸ்பேன்ஷன் கேஸ் தவறான அனுமதியோடு பாஸ் ஆகியிருக்கலாம். உங்கள் சாப்ட்வேர் எந்த சஸ்டெய்ன்ட் கேஸைக் கழிக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

சரி, சாப்ட்வேரில் எப்படிச் செய்வது? பைப் ஸ்ட்ரெஸ் சாப்ட்வேரான சீசர்-2-இன் புதிய பதிப்புகளில் மாற்று சஸ்டெய்ன்ட் என்று ஒரு கேஸ் வகை இருக்கிறது. குறிப்பிட்ட ஆப்பரேட்டிங் கேஸில் எந்தச் சப்போர்ட் வேலை செய்கிறது, எது எழும்பியிருக்கிறது என்பதை எடுத்துக்கொண்டு, அதே நிலையில் எடையையும் அழுத்தத்தையும் மட்டும் போட்டு ஓட்டும். அதைப் பயன்படுத்துங்கள். பழைய பதிப்பு என்றால் மாடலை நகல் எடுத்து, எழும்பிய சப்போர்ட்டுகளை அழித்துவிட்டு எடை, அழுத்தம் கேஸை ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே பதில் வர வேண்டும். முதல் தடவை இரண்டையும் செய்து ஒத்துப்பார்த்துக்கொண்டால் பிறகு தைரியமாக இருக்கலாம்.

செய்யக் கூடாத ஒரு குறுக்குவழி ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றுகிறது: ஆப்பரேட்டிங் கேஸிலிருந்து வெப்பம் மட்டும் உள்ள கேஸைக் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பதுதான் சூட்டு சஸ்டெய்ன்ட் என்பது. பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. வெப்பம் மட்டும் உள்ள கேஸில் எடையே இல்லை. எடை இல்லாத பைப் கண்ட இடத்தில் எல்லாம் எழும்பும். ஆப்பரேட்டிங்கில் இரண்டு சப்போர்ட் எழும்பினால் இதில் ஏழு எழும்பும். இரண்டு கேஸும் இரண்டு வேறு வேறு பைப்லைன்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து வருவது எந்தப் பைப்லைனுக்கும் சொந்தமில்லாத எண். வெப்ப விரிவுத் தகைவு வீச்சுக்கு, ஆப்பரேட்டிங்கிலிருந்து குளிர் சஸ்டெய்ன்ட்டைக் கழிப்பது சரி. அது பைப் உண்மையிலேயே போய் வரும் இரண்டு நிலைகளுக்கு இடையிலான தூரம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

ஒரே ஓர் ஆப்பரேட்டிங் கேஸோடு நிறுத்தவும் கூடாது. உங்களிடம் இரண்டு பம்ப் இருக்கும், ஒன்று ஓடும், ஒன்று காத்திருக்கும். ஏ ஓடி பி குளிர்ந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் எழும்பும். மாற்றி ஓட்டினால் மறுபக்கம். ஸ்டீம் அவுட் (நீராவி விட்டுச் சுத்தம் செய்வது) உண்டென்றால் அது தனி. ஒவ்வொரு ஆப்பரேட்டிங் கேஸுக்கும் அதற்கான மாற்று சஸ்டெய்ன்ட் ஒன்று வேண்டும். ஹைட்ரோ டெஸ்டுக்கு இது தேவையில்லை, பைப் அப்போது குளிராகத்தான் இருக்கும். சேஃப்டி வால்வ் திறக்கும் விசை, காற்று போன்ற அவ்வப்போதைய லோடுகளை மட்டும் குளிர் சஸ்டெய்ன்ட்டோடு கூட்டிவிட்டுப் போகாதீர்கள். வால்வ் திறப்பது ஆலை சூடாக ஓடும்போதுதான்.

அப்புறம் அந்த 0.3 மி.மீ. சமாச்சாரம். சாப்ட்வேருக்கு உங்கள் சப்போர்ட் அசையாத பாறை. நிஜத்தில் அது ரேக் பீமின் மேல் நிற்கிறது. பீம் சில மி.மீ. தொய்யும். பைப்பைத் தாங்கும் ஷூவின் அடிப்பகுதி உயரத்தை மி.மீ. கணக்கில் துல்லியமாக யாரும் கட்டித் தருவதில்லை. உராய்வு எண்ணை 0.3-இலிருந்து 0.1-க்கு மாற்றினாலே அந்தச் சப்போர்ட் எழும்பலாம், உட்காரலாம். இன்ஸ்டலேஷன் வெப்பநிலையை சாப்ட்வேர் வைத்துக்கொடுத்த 21 டிகிரியிலேயே விட்டிருப்பீர்கள். சிங்கப்பூரில் மழை நாளில்கூட அந்த அளவுக்கு இறங்குவது அரிது. ஆக அந்த 0.3 என்பது இருக்கிறதா இல்லையா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அதை அலட்சியம் செய்யச் சொல்லவும் மாட்டேன். சப்போர்ட் இருக்கிறது என்று ஒருமுறை, இல்லை என்று ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டிலும் பாஸ் என்றால் வாதம் தேவையில்லை. இல்லாதபோது ஃபெயில் என்றால், அந்த லேஅவுட் சப்போர்ட்டின் ஒரு மி.மீ. உயரத்தை நம்பி நிற்கிறது என்று அர்த்தம். அதை மாற்றுவது நல்லது.

இங்கே சிலர் ஒரு வாதம் வைப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது: “0.3 மி.மீ. எழும்பினால் என்ன, பைப் கொஞ்சம் தொய்ந்தால் சப்போர்ட்டில் வந்து உட்காரும்தானே, எங்கே விழப்போகிறது?” சஸ்டெய்ன்ட் விதி பயப்படுவது பைப் மடங்கி விழுவதற்கு. 0.3 மி.மீ. கீழே இரும்பு இருந்தால் மடங்கி விழ முடியாது, உண்மைதான். 12 மீட்டர் ஸ்பானில் இந்தப் பைப் எடையால் 10 முதல் 20 மி.மீ. தொய்யக்கூடியது, ஆனால் எலாஸ்டிக் கணக்கில் அந்தத் தொய்வு ஏற்கெனவே சேர்ந்துதான் 0.3 என்று வந்திருக்கிறது. இனி கீழே வர வேண்டுமென்றால் பைப் யீல்ட் ஆக வேண்டும் அல்லது க்ரீப் ஆக (சூட்டில் நாளாக நாளாக மெல்ல நீள) வேண்டும். அரை மி.மீ. இடைவெளிக்கு அந்த வாதத்தை நான் ஏற்பேன். 9 மி.மீ.க்கு ஏற்க மாட்டேன். நாசில் விஷயத்தில் எந்த மி.மீ.க்கும் ஏற்க மாட்டேன், ஏனென்றால் பைப் வந்து உட்காரும் வரை பம்ப் காத்திருக்காது.

க்ரீப் வெப்பநிலைக்குப் போனால் கதை வேறு. மின்நிலையத்தில் 540 டிகிரி முக்கிய நீராவிக் குழாயில் வெப்பத் தகைவு நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். மிச்சம் நிற்பது எடையும் அழுத்தமும்தான். பைப்பின் ஆயுளைத் தின்பதும் அவைதான். அங்கே எழும்பிய சப்போர்ட்டை அரை மி.மீ. என்று விடக் கூடாது. அந்த லைன்களில் ரிஜிட் சப்போர்ட்டைக் குறைத்து, லோடு மாறாத கான்ஸ்டன்ட் ஸ்பிரிங்குகளில் தொங்கவிடுவதற்குக் காரணமும் அதுவே.

இனி ஹோல்ட் டவுன். பைப் மேலே போகிறது, பிடித்து அமுக்கு என்பது மனசுக்குச் சரியாகத்தான் படும். ஆனால் நீங்கள் அமுக்குவது 14 மி.மீ. வளர்ந்தே தீர வேண்டிய ரைசரை. எல்போவிலிருந்து ஒன்றரை மீட்டரில் பைப்பைப் பிடித்து, எல்போவை 14 மி.மீ. மேலே தள்ள எவ்வளவு விசை வேண்டும் என்று எளிய பீம் கணக்கு போட்டால் 14 கிலோநியூட்டன் பக்கம் வருகிறது. எல்போவின் நெகிழ்வு அதைக் குறைக்கும், குறைத்தாலும் பல கிலோநியூட்டன். அதே விசை எதிர்த்திசையில் பம்ப் நாசிலை அமுக்கும். எடை மட்டும் போய்க்கொண்டிருந்த இடத்தில் எடையை விடப் பெரிய ஒன்றை வைத்துவிட்டீர்கள். சாப்ட்வேரில் எழும்பல் மறைந்துவிடும், சஸ்டெய்ன்ட் அழகாக வரும், பம்ப் மட்டும் பாழாகும். ஹோல்ட் டவுனுக்கு வேறு வேலை உண்டு. ஸ்லக் ஓட்டம், அதிர்வு, சேஃப்டி வால்வ் உதைப்பு இவற்றுக்கு அதை வைக்கலாம். சூட்டில் எழும்புவதற்கு அது மருந்தல்ல.

உங்கள் லைனுக்கு நான் செய்வது இது. முதல் சப்போர்ட்டை எடுத்துவிடுவேன். ஓடும்போது சுமக்காத சப்போர்ட் தேவையில்லை. இருந்தால் ஆலை குளிரும்போதெல்லாம் பைப்பைத் தட்டி நாசிலுக்கு வேறு லோடு கொடுக்கும். வெறும் சப்போர்ட்டை எடுப்பது பல நேரம் முழுத் தீர்வாகவே இருக்கும், அதை யாரும் யோசிப்பதில்லை. டிசைனரிடம் போய் ஒரு சப்போர்ட்டைக் குறைக்கச் சொன்னால் என்னைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். உங்கள் லைனில் எடுப்பது மட்டும் போதாது, நாசிலுக்குப் போகும் எடையையும் தாங்க வேண்டும். அதற்கு எல்போவிலேயே ஒரு ஸ்பிரிங் போடுங்கள். கீழே ஸ்டீல் வசதி இருந்தால் எல்போவிலிருந்து ஒரு டம்மி லெக் (எண்ணெய் போகாத வெறும் குழாய்க் கால்) இறக்கி கேன் வகை ஸ்பிரிங். மேலே பீம் இருந்தால் ஹேங்கர். ரைசர் எடை, படுக்கையின் பாதி எடை, வால்வ் எடை மூன்றையும் அது சுமக்கட்டும்.

ஸ்பிரிங் தேர்வில் ஒரு கணக்கு. சூட்டு லோடு 6 கிலோநியூட்டன், மேல்நோக்கிய பயணம் 14 மி.மீ. என்று வையுங்கள். பைப் மேலே போகப் போக ஸ்பிரிங் விரிந்து லோடு குறையும், அதனால் குளிர் லோடு சூட்டு லோடைவிட அதிகம். வழக்கமான 25 சதவீத மாறுபாட்டு வரம்பைப் பிடித்துக்கொண்டால் ஸ்பிரிங் ரேட் மி.மீ.க்கு 107 நியூட்டன் வரை போகலாம். போகாதீர்கள். அந்த வித்தியாசம் ஒன்றரை கிலோநியூட்டன், குளிரில் அது பம்ப் நாசிலை மேல்நோக்கி இழுக்கும். நாசிலுக்கு மொத்தமே 3.1-தான் இருக்கிறது. 40 நியூட்டன் ரேட் எடுத்தால் வித்தியாசம் 560 நியூட்டன், 10 சதவீதத்துக்குள். கேட்டலாக்கில் ஒரு சைஸ் பெரிய உடம்பு வரும், விலை கொஞ்சம் ஏறும், பரவாயில்லை. பம்ப் பக்கத்தில் ஸ்பிரிங்குக்கு 25 சதவீதம் என்பதை வரம்பாக நினைப்பதே எனக்குப் பிடிக்காது.

ஸ்பிரிங் போட்ட பின் எல்போவுக்கும் அடுத்த சப்போர்ட்டுக்கும் இடையில் ஏழரை மீட்டர். 8 அங்குலத்துக்கு நீர் நிரம்பிய லைனுக்கான வழக்கமான ஸ்பான் 5.8 மீட்டர் என்று யாராவது அட்டவணையைக் காட்டுவார்கள். அந்த அட்டவணை 2.5 மி.மீ. தொய்வை வைத்துப் போட்ட பரிந்துரை. உங்களிடம் முழுக் கணக்கு இருக்கிறது, தகைவு 28, தொய்வு சில மி.மீ. எண்ணெய் லைனுக்கு அது போதும். நீராவி லைனாக இருந்தால் நானும் யோசிப்பேன், ஏனென்றால் தொய்வில் கண்டென்சேட் தேங்கினால் வாட்டர் ஹேமர் வரும். பம்பு அதிர்வும் ஒரு விஷயம்: ஸ்பான் இரண்டு மடங்கானால் இயல் அதிர்வெண் கால்வாசிக்கு இறங்கும். ஏழரை மீட்டரை மோடல் அனாலிசிஸில் (இயல் அதிர்வெண் கணக்கு) ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மிகவும் கீழே வந்தால் நடுவில் பக்கவாட்டு கைடு ஒன்று போதும்.

சைட்டில் நடப்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஜூரோங் தீவில் ஓர் ஆலை, பெயர் வேண்டாம். ஸ்டார்ட் அப் முடிந்து லைன் முழுச் சூட்டில் இருக்கும்போது ஹாட் வாக் டவுன் போகிறோம். பைப் ஷூவுக்கும் பீமுக்கும் நடுவில் கை விரல் நுழையும் இடைவெளி. கூட வந்த ஃபோர்மேன், புதுக்கோட்டைக்காரர், கைசுத்தமான வேலைக்காரர், “சார், சப்போர்ட் தொங்குது, பிளேட் அடிச்சு டைட் பண்ணிடவா?” என்றார். வேண்டாம் என்றோம். அதே லைனின் அடுத்த பம்பில் எங்களுக்கு முன்பே யாரோ 6 மி.மீ. தகடு செருகி டேக் வெல்ட் அடித்திருந்தார்கள். சூட்டில் இடைவெளியை நிரப்பிவிட்டால், ஆலை குளிரும்போது ரைசர் சுருங்கிக் கீழே வரப் பார்க்கும், தகடு விடாது. பைப் அந்தத் தகட்டின் மேல் ஏறி நின்று, பம்ப் நாசிலை மேலே நெம்பும். அந்த பம்பில் அடுத்த ஷட்டவுனில் அலைன்மென்ட் நிற்கவே இல்லை; ஃபிளாஞ்ச் போல்ட்டைக் கழற்றியதும் பைப் பொட்டென்று மேலே எழும்பியது. தகட்டை வெட்டி எடுத்த பிறகுதான் காப்ளிங் ஒழுங்குக்கு வந்தது. ஃபோர்மேன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சூட்டில் அங்கே இடைவெளி வரும் என்று டிராயிங்கில் ஒரு வரிகூட இல்லை.

ஸ்பிரிங்குகளுக்கும் இதுபோல ஒன்று உண்டு: லாக் பின். ஹைட்ரோ டெஸ்டுக்காகப் பூட்டி வைத்ததை ஸ்டார்ட் அப்புக்கு முன் எடுக்காமல் விட்டால், அந்த ஸ்பிரிங் ஒரு ரிஜிட் சப்போர்ட். உங்கள் கணக்கு முழுவதும் வீண். பின் எடுத்ததைச் செக்லிஸ்டில் தனி வரியாகக் கேளுங்கள், ஃபோட்டோவும் கேளுங்கள். பம்ப் அலைன்மென்டை பைப் கட்டுவதற்கு முன்னும் பின்னும் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் பார்க்கும்போது ஸ்பிரிங் பின் எடுத்த நிலையில் இருக்கட்டும்.

லீடிடம் போகும்போது வாதத்தோடு போகாதீர்கள், மூன்று ரன்னோடு போங்கள்: இப்போதுள்ளபடி ஒன்று, ஹோல்ட் டவுனோடு ஒன்று, முதல் சப்போர்ட்டை எடுத்து எல்போவில் ஸ்பிரிங் போட்டது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் குளிரிலும் சூட்டிலும் நாசில் விசை, மாற்று சஸ்டெய்ன்ட் தகைவு, பக்கத்துச் சப்போர்ட்டுகளின் லோடு. பக்கத்துச் சப்போர்ட்டை மறக்காதீர்கள். ரேக் கட்டுமானக்காரருக்குக் கொடுத்த லோடு குளிர் கேஸிலிருந்து எடுத்ததாக இருந்தால் அதையும் திருத்தி அனுப்ப வேண்டும். ரிப்போர்ட்டில் எழும்பும் சப்போர்ட்டுகளை நோட் (மாடலில் உள்ள புள்ளி) எண்ணோடும் மி.மீ.யோடும் தனியாக எழுதுங்கள். லூப் பக்கத்துச் சப்போர்ட்டை வைத்துக்கொள்வதாக இருந்தால், ஐசோமெட்ரிக் டிராயிங்கில் அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு: சூட்டில் இடைவெளி தெரியலாம், ஷிம் (இடைத் தகடு) வைக்கக் கூடாது. அதைத் தமிழிலும் ஒரு வரி சேர்த்து ஒட்டச் சொன்னால் சைட்டில் யாரும் மறுக்க மாட்டார்கள், படிப்பவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள்தானே.